பெயிண்டு வாளியில ஒரு செர்ரி மரம்

நான் ஆறாப்பு படிக்கிறப்ப, காமயகவுண்டன்பட்டியில செர்ரி மரம் வச்சிருந்த ஒரே வீடு எங்க வீடுதான். மரம்னா சிரிப்பீக. என் முட்டி உசரம், பெயிண்டு வாளிக்குள்ள நின்னுச்சு.

கொண்டாந்தது மாமா. அப்பா கூடப் பொறந்த அத்தையக் கட்டுனவுக. மணாலிப் பக்கம் ஓட்டல்ல சமையல் வேலை. கல்யாணம் முடிஞ்சு ஒரே ஒரு தடவதான் லீவுல வந்தாக. அப்பக் குடுத்த குச்சிதான் இது.

"இது குட்டை ஜாதி, பெருசா வளராது. எங்க ஓட்டல் வாசல்ல பனிக்குள்ள மொட்டையா நின்னு, பனி உருகுனதும் பூவாத் தள்ளும். இங்கன பூத்ததும் சொல்லு, வந்து ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்"னு அத்தைகிட்டச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டாக.

அத்தை எங்க வீட்டுலயே இருந்துச்சு. வாளியச் சுத்தி ஈரச்சாக்கக் கட்டும். மீன்காரருகிட்ட ஐஸ் வாங்கி வேர்ல போடும்.

"அத்தை, இது பூத்தா மத்தி வாசம் வரும். தலையில வச்சா பூனை வெரட்டும்."

"போலே, கழுத"ன்னு சிரிக்கும். அப்பல்லாம் சிரிச்சுச்சு.

ரெண்டு வருசம் பூக்கல. நாந்தான் யோசனை சொன்னேன். எங்க ஊர்ல திராட்சைக் கொடி தானாவா பூக்குது? இலைய உருவி, கவாத்து வெட்டி, மொட்டு வெடிக்க மருந்து தடவுனா, எந்த மாசமா இருந்தாலும் துளுத்துத்தான் ஆகணும். "கொடிக்கு ஒரு நியாயம், செர்ரிக்கு ஒரு நியாயமா அத்தை?"

நம்பிருச்சு. அப்பாவோட கத்திரிய எடுத்து அதுவே வெட்டுச்சு. கையில பாலித்தீன் பையக் கட்டிக்கிட்டு மருந்தும் தடவுச்சு. பதினஞ்சு நாள்ல துளிர் வரணும். குச்சிதான் கருத்துச்சு.

அந்த ஞாயித்துக்கெழம மாமா போன் பண்ணாக. அத்தை ஸ்பீக்கர்ல போட்டுட்டு வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்துச்சு. மரம் பட்டுப்போனதச் சொல்ல வாய் வரல அதுக்கு. "இன்னும் பூக்கலங்க"ன்னுச்சு.

"பூக்கட்டும், பூக்கட்டும். எங்க போகுது"ன்னாக, எப்பவும் போல.

நான் போனப் புடுங்குனேன். "மாமா! பூத்துருச்சு! வாளி தெரியாமப் பூத்துருக்கு. எப்ப வாரீக?"

அந்தப் பக்கம் மாமா சிரிச்சாக.

"ஏலே மாப்ள, யாருகிட்ட? பனியில நிக்காம அது எப்படிலே பூக்கும்? அங்கன அடிக்கிற வெயிலுக்கு சென்மத்துக்கும் பூக்காது."

வெங்காயம் நறுக்குற சத்தம் நின்னுச்சு. அத்தை வந்து, என் கையில இருந்த போன வாங்கி, கட் பண்ணுச்சு. வெளிய போயி குச்சியப் புடுங்கி எறிஞ்சுட்டு, காலி வாளியக் கொழாயடியில வச்சு, தேய் தேய்னு தேய்ச்சுச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது.

எனக்குப் பயமாப் போச்சு. நான் பொய் சொல்லி மாட்டிக்கிட்டதுக்குத்தான் அழுகுதுன்னு நெனச்சேன்.

"வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் அத்தை. இனிமே பொய்யே சொல்லமாட்டேன், சத்தியமா."

அத்தை வாளியக் கவுத்து வச்சுச்சு. "நீ சொன்னதெல்லாம் ஒரு பொய்யாலே"ன்னுச்சு.

பட்டுப்போன குச்சிய, வாளி தெரியாமப் பூத்துருக்குன்னு சொல்லியிருக்கேன். அதவிடப் பெரிய பொய்ய வேற யாரு சொல்லியிருக்க முடியும்னு எனக்கு வெளங்கவே இல்ல.