நீலக்கட்டி எடுக்கத் தெரிந்தவள்

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை எங்கள் வீட்டில் நீலக்கட்டி எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பத்து வயதில் பெருமைப்பட எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. கணக்கில் கோட்டை விடுவேன், ஓட்டப்பந்தயத்தில் கடைசி, பாட வாயைத் திறந்தால் அம்மா அடுக்களையிலிருந்தே போதும் என்பாள்.

நீலக்கட்டி என்று நாங்கள் சொன்னது பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் பந்தைத் தட்டுகிற கம்பின் நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டியை. கம்பின் நுனியில் சின்னதாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். அந்தத் தோலில் பொடி படிந்திருந்தால்தான் பந்தில் அடி சரியாக விழும், இல்லையென்றால் வழுக்கிவிடும். குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரமாக நிற்கிற இடத்தில், பில்லியர்ட்ஸ் மேசை வந்ததே சித்தப்பாவின் வேலைதான். மஸ்கட்டில் வேலை பார்த்த அவர் அங்கே தங்கியிருந்த கேம்பில் இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டார். ஒரு லீவில் வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஏதோ கிளப்பை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், ஒரு மேசையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் மேசை குடியேறியது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ரப்பர் ஷீட் அடுக்கத் தோதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மேசையோடு ஒரு பெட்டி நிறைய சாக்குக்கட்டியும் வந்தது. வந்த வாரமே அம்மா அதில் ஒன்றைத் துணிக்குப் போடும் நீலம் என்று நினைத்து வாளியில் கரைத்து, அப்பாவின் வெள்ளை வேட்டிகளை முக்கி எடுத்துவிட்டாள். அப்பா திட்டுத்திட்டாக நீலம் படிந்த வேட்டியோடு ஒரு கல்யாணத்துக்குப் போக நேர்ந்தது. நீலக்கட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெட்டி இனி அடுக்களைப் பக்கமே வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்தப்பா அதைப் புகைப்புரையில் கொண்டுபோய் வைத்தார்.

புகைப்புரை என்பது ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, அடியில் கனல் போட்டு உலர்த்துகிற சின்ன அறை. மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும், அந்த அறையில் மட்டும் ஈரம் எட்டிப் பார்க்காது. நமுத்த நீலக்கட்டி கம்பின் நுனியில் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும், அதை வைத்து ஆட முடியாது. புகைப்புரையில் இருந்ததால் எங்கள் கட்டிகள் நன்றாக உலர்ந்தன. கூடவே ரப்பர் புகையின் நாற்றத்தையும் பிடித்துக்கொண்டன. உலகத்தில் வேறு எங்கேயும் பில்லியர்ட்ஸ் மேசைப் பக்கத்தில் அந்த நாற்றம் அடித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், பக்கத்து எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஆட வருவார். சித்தப்பா கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் புகைப்புரைக்கு ஓடுவேன். அங்கே நான் செய்கிற சோதனைகளை யாரும் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வேன். கட்டியைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கீழ் உதட்டில் வைத்துப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் ஒட்டும். மேற்பக்கத்தை விரலால் தேய்த்தால் கோதுமை மாவுபோல வர வேண்டும், மணல்போல நெறுநெறுவென்று வரக்கூடாது. நடுவில் ஆழமாகக் குழி விழுந்த கட்டியைத் தொடவே கூடாது. குழிக்குள் விட்டுத் திருகினால் தோலின் ஓரத்தில் மட்டும் பொடி பிடிக்கும், பந்தில் படுகிற நடுப்பக்கம் வெறுமையாக இருக்கும். உதட்டுச் சோதனை என் சொந்தக் கண்டுபிடிப்பு. மற்றதெல்லாம் சித்தப்பா சொல்லித் தந்தவை.

எங்கள் பக்கத்தில் எதற்கும் கைராசி பார்ப்பார்கள். புது ரப்பர் மரத்தில் பால் எடுக்க முதல் வெட்டுப் போடுவதற்கும், சித்திரை ஒன்றாம் தேதி முதல் கைநீட்டக் காசு வாங்குவதற்கும் ராசியான கையைத் தேடிப் போவார்கள். சித்தப்பா ஒருநாள் ஜெயித்த சந்தோஷத்தில் ஜீப்பண்ணனிடம் சொன்னார்: "இவ கைராசிக்காரியாக்கும். இவ எடுத்துத் தந்த கட்டிக்கு எனக்கு தோல்வி கெடையாது, கேட்டியா?"

அன்றிலிருந்து என் வலது கையை நான் தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

பெட்டியின் மூலையில் ஒரு பழைய கட்டி கிடந்தது. சித்தப்பா மஸ்கட்டிலிருந்து சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தது. கிணறு மாதிரி குழி விழுந்து ஆட்டத்துக்கு உதவாமல் போயிருந்தாலும் அதை அவர் தூக்கிப் போடவில்லை. மற்றவர் ஆடும்போது அதைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நிற்பார். அவர் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கத்துக் காகிதம் முழுக்கப் போய், அந்த இடத்தில் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. அதனால் அவருடைய பெருவிரல் எப்போதும் நீலமாகவே இருக்கும். சோறு பிசையும்போதும் அந்த நீலம் தெரியும். நானும் என் பெருவிரலில் நீலத்தைத் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன், யாராவது கேட்கட்டும் என்று.

அடுத்த லீவில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் களியக்காவிளைப் பக்கம். நாங்களே இழுத்துப் பேசுகிறோம் என்று நாகர்கோவில்காரர்கள் சிரிப்பார்கள், சித்தி எங்களையும் மிஞ்சிப் பாடுவாள். என்னை மகளே என்பதற்கு மலையாளத்தில் மோளே என்று கூப்பிட்டாள். சித்தப்பா என்னை மக்ளே என்று கூப்பிடுகிற வீட்டில் எனக்கு எதற்கு இன்னொரு மோளே? சித்தப்பாவின் பைக்கில் முன்னால் டாங்கின் மேல் உட்காருவது என் இடம். இனி அங்கே உட்காரும் வயது போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். போன லீவில் இருந்த வயது இந்த லீவுக்குள் எப்படிப் போயிற்று என்று யாரும் விளக்கவில்லை. பின்னால் சித்தி உட்கார்ந்து போவதை வாசலில் நின்று பார்ப்பேன். வயிறு எரியும். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், யாரும் கவனிக்காததால் நானே போய்ச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று இருந்தேன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பண்ணன் வந்தார். நான் புகைப்புரைப் பக்கம் காலை எடுத்து வைத்துவிட்டேன். சித்தப்பா கம்பை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வாசல் படியில் நின்ற சித்தியைப் பார்த்து, "நீ எடுத்துத் தா" என்றார். நான் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன். வேறு வழியில்லை. சித்தி உதட்டில் வைத்துப் பார்க்கவில்லை, விரலால் தேய்த்தும் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தாள், மூலையில் கிடந்த அந்தப் பழைய கட்டியை எடுத்து நீட்டினாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். குழி விழுந்த கட்டியைத் தேய்த்ததற்காக ஜீப்பண்ணனையே ஒருமுறை நிற்கவைத்துப் பாடம் எடுத்தவர் சித்தப்பா. இப்போது சித்திக்கு நன்றாகக் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவரோ அதை வாங்கி, சிரித்துக்கொண்டே கம்பில் தேய்த்தார். முதல் அடியே வழுக்கியது. அடுத்ததும் அப்படியே. அன்றைக்குத் தோற்றார். தோற்றுவிட்டும் சிரித்தார். தோற்றால் ராத்திரி சாப்பாட்டின்போதுகூடப் பேசாத ஆள் அவர்.

நான் அடுக்களையில் போய், சித்திக்கு ஒன்றும் தெரியவில்லை, அவள் எடுத்துக் கொடுத்துத்தான் சித்தப்பா தோற்றார் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, அவ அவனுக்க பொண்டாட்டி. ஒனக்கு என்னத்துக்கு இந்த எரிச்சல்?" பொண்டாட்டி என்றால் நீலக்கட்டி எடுக்கத் தெரிய வேண்டாமா என்று நான் கேட்டேன். அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு நோய் பிடித்திருந்தது.

அந்த லீவு முழுக்க அப்படியே போயிற்று. சித்தி எடுப்பாள், அதே கட்டியை எடுப்பாள், சித்தப்பா தோற்பார். என் கைராசி பெட்டியோடு புகைப்புரையில் கிடந்து காய்ந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜீப்பண்ணனே பொறுக்க முடியாமல், மஸ்கட்டுக்குப் போகுமுன்னே ஒரு ஆட்டமாவது ஒழுங்காக ஆடும்படி சித்தப்பாவிடம் சொன்னார். நான் அதற்காகவே காத்திருந்ததுபோல, காலையிலிருந்தே பாவாடையில் முடிந்து வைத்திருந்த கட்டியை எடுத்து நீட்டினேன். பெட்டியிலேயே நல்ல கட்டி அது. உதட்டில் ஒட்டவில்லை, விரலில் மாவாக வந்தது. சித்தப்பா அதை வாங்கி, திருகாமல், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே பதமாகத் தடவினார். ஒரு அடிகூட வழுக்கவில்லை. கடைசியில் ஆட்டத்தை முடிக்கிற கறுப்புப் பந்து மூலைப் பைக்குள் விழுந்தபோது நான் கத்திக்கொண்டு குதித்தேன். ஜீப்பண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சித்தப்பா சித்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயிக்க வைத்தது நான், பார்ப்பது அவளையா? அந்தப் பழைய கட்டி அப்போதும் அவர் கையில் உருண்டுகொண்டிருந்தது.

போகிற அன்று சித்தப்பா பெட்டியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, "ரெண்டு பேரும் வச்சுக்கிடுங்க" என்றார். சித்திக்கு விசா வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை. அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். டாக்ஸி வளைவில் மறையும்வரை எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் அழும்போதே பாகப்பிரிவினை பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சரிபாதி கேட்டால் என்ன சொல்வது, எனக்குத்தான் உரிமை என்று எப்படி நிரூபிப்பது என்று வார்த்தை வார்த்தையாகத் தயாராக இருந்தேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு சித்தியின் அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பங்கு வைக்கலாமா என்று கேட்டேன். அவள் பெட்டியைத் திறந்து, மூலையில் கிடந்த பழைய கட்டியை எடுத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ எடுத்துக்கோ மோளே. எனக்கு இது மதி."

இது போதும் என்கிறாள். என் காதை நான் நம்பவில்லை. என்ன இருந்தாலும் எனக்கும் ஒரு நியாயம் உண்டு. தெரியாதவளை ஏமாற்றியதாக இருக்கக்கூடாது என்று, "அது கொள்ளாது சித்தி, ஆட்டத்துக்கு ஒதவாது. ஆழமா குழி விழுந்திருக்கு" என்றேன்.

"தெரியும் மோளே" என்றாள். மனம் மாறிவிடப்போகிறாளே என்று பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அப்பா நினைத்தது நடந்தது. மேசைமேல் பாலிதீன் விரித்து ரப்பர் ஷீட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கினார். ஜீப்பண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். நான் அவ்வப்போது புகைப்புரைக்குப் போய் என் செல்வத்தை எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்றே ஒன்றுக்கு, அதுவும் கழிசல் கட்டிக்கு ஒப்புக்கொண்ட சித்தியை நினைத்தால் பாவமாக இருக்கும். அப்படிப் பாவப்பட்டதில் பொறாமைகூட ஓரளவு குறைந்திருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்ட கையைப் பார்த்தேன். பெருவிரலில் நீலம், சித்தப்பாவின் விரலில் இருப்பதுபோலவே. மறுநாளும் பார்த்தேன், இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் எங்களுக்குத் தெரியாமல் ஆடிப் பழகுகிறாள். அடுத்த லீவில் சித்தப்பாவோடு இவளே ஆடப்போகிறாள், கட்டி எடுக்கக்கூட நான் வேண்டாம். போன பொறாமையெல்லாம் திரும்பி வந்துவிட்டது. நேராகக் கார் ஷெட்டுக்குப் போனேன். ஷீட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. மூலையில் சாத்தியிருந்த கம்புகளைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியிருந்தது, அதில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துத் தந்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் சித்தியின் பின்னாலேயே சுற்றினேன். கிணற்றில் தண்ணீர் கோரினாள், துணி துவைத்தாள், அம்மாவோடு உட்கார்ந்து தேங்காய் துருவினாள். ஒருநாளும் கம்பைத் தொடவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அவள் பெருவிரல் நீலமாகவே இருந்தது, அது எப்படி என்றுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.