இரண்டு முறை இருமிய எஞ்சின்

போன வாரம் மஹய்யாவ ஏற்றத்தில், கோயிலுக்கு முன்னால் யாரோ புதுக் கார் ஒன்றுக்குப் பூசை போட்டார்கள். நான்கு டயருக்கும் அடியில் நான்கு தேசிக்காய். நான் தெருவின் மறுபக்கம் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். கார் நகர்ந்து காய்கள் நசுங்கி அந்த மணம் வந்ததும் எனக்கு விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ மணத்தில் பேய் ஞாபகம் வருமாம், எனக்குத் தேசிக்காய் மணத்தில் வருகிறது. சிரிக்காமல் கேளுங்கள், காரணம் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மஹய்யாவ அடிவாரத்தில் ஜவுபர் நானாவின் கராஜில் வேலை செய்தேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. ஒருநாள் ட்ரெய்லரில் ஒரு படகு வந்து சேர்ந்தது. வளைவில் திருப்ப முடியாமல் அரைமணி நேரம் பஸ்களையெல்லாம் மறித்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய ஜெட் படகு. அந்த வகைப் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை இருக்கும், அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சும், அந்த உதையில் படகு போகும். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. புது எஞ்சினுக்கு வழியில்லை, ஏதாவது வேன் எஞ்சினைப் பொருத்தித் தாருங்கள் என்று படகின் சொந்தக்காரர், ஒரு சிங்கள மாத்தயா, கெஞ்சினார்.

எஞ்சின் தேடி கலகெதரவில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தகரக் குவியலுக்கு அப்பால் ஒரு டீசல் எஞ்சின், தலையோடு சேற்றில் ஊறிக் கிடந்தது. எண்ணெய்க் குழாயைச் சுற்றிப் பச்சை வயர், மூன்று முறுக்கு, நுனி உள்பக்கமாக மடித்தது. அந்த முறுக்கை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் போடுவான். அது நான்.

கணேசன் அண்ணனின் வேன் எஞ்சின் அது. கராஜுக்கு மேலே உள்ள லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. கெலிஓயாக் கடைகளுக்குச் சாமான் இறக்கிவிட்டு மாலை ஆறு மணிக்கு ஏற்றத்தில் வந்து வேனை நிறுத்துவார். சாவியைத் திருப்பிய பிறகும் அந்த எஞ்சின் உடனே அடங்காது. இரண்டு முறை இருமிவிட்டுத்தான் அடங்கும். சரிசெய்து தருகிறேன் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அதுல கை வச்சிராத தம்பி. அந்த இருமலக் கேட்டுத்தான் ஒங்க அண்ணி பிளேன்டீ ஊத்துது" என்பார்.

அதற்கு ஏழு மாதத்துக்கு முன்னால் பெருமழையில், கெலிஓயாவிலிருந்து திரும்பும்போது வேன் மகாவலியில் போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு வேனை இழுத்தெடுத்தார்கள். டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. எத்தனை நாள் தேடியும் இல்லை. அவர் மனைவி சரசு அண்ணி பொட்டை அழிக்கவில்லை. உடல் கிடைக்காத பிள்ளைகளுக்கும் புருஷன்மாருக்கும் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்வதுண்டு. அதற்கு அண்ணியின் அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்து, கடைசியாக அரை மனதாய்ச் சம்மதிக்க வைத்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

எங்கள் தொழிலில் ஆள் போன வண்டியின் எஞ்சினை யாரும் தொடமாட்டார்கள். வாங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். எனக்கோ, நான் பழகிய எஞ்சின், எனக்கு அடங்கும் என்ற திமிர். நானாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "போட்டுக்காரருக்குச் சொல்ல வாணாம். மேல ஈக்கிற அந்தப் புள்ளக்கி சொல்லவே வாணாம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிஸ்டன் மாற்றினேன். டீசல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு ஏரித் தண்ணீரிலேயே குளிரும்படி குழாய் போட்டேன். உருக்கு உடம்பைத் தவிரப் பழையது என்று எதுவும் மிஞ்சவில்லை. புதன்கிழமை, பீப்பாயில் தண்ணீர் நிரப்பிக் குழாயைச் செருகி, ட்ரெய்லரில் இருந்தபடியே எஞ்சினை முடுக்கினோம். சுகமாக ஓடிற்று. நானா கையைக் காட்ட, நிறுத்தினேன்.

எஞ்சின் இரண்டு முறை இருமிற்று.

நானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருமுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் என் கையாலேயே மாற்றியிருந்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு. அந்த நேரத்தில் எஞ்சினை முடுக்கக் கூடாது என்று இந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை.

கராஜ் படலை திறந்தது. சரசு அண்ணி தலை குளித்த ஈரத்தோடு, புதுப் பொட்டோடு, கையில் பிளேன்டீயோடு வந்தார். பெரிய பித்தளை டம்ளர். கணேசன் அண்ணன் குடிக்கிறது.

"வண்டிய எங்க நிப்பாட்டிருக்காரு?"

"வண்டி இல்லண்ணி. போட்டு. போட்டு எஞ்சின்."

அண்ணி படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ரெண்டு தடவ இருமுச்சே" என்றார். பிறகு டம்ளரை ட்ரெய்லர் மட்கார்டில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார். ஆவி பறந்துகொண்டிருந்த அந்தத் தேநீரை எடுத்து ஊற்ற எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் காலை அண்ணியின் அண்ணன் கராஜ் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரியம் வேண்டாம், அவர் வந்துவிட்டார், சத்தம் கேட்டது என்கிறாளாம். இனிமேல் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள், இப்படியே வாசலைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகிவிடுவாள் என்று அழுதார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மேலே போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலகெதர, பச்சை வயர், நான் மறைத்தது, எல்லாம். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"அந்தப் போட்ட எப்ப தண்ணியில எறக்குவீங்க?"

"இன்னிக்குப் பின்னேரம்."

"அப்ப என்னையும் ஏத்திக்க."

நீர்த்தேக்கக் கரைக்குப் போய்ச் சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. படகுக்கார மாத்தயா மூன்று தேசிக்காய் வாங்கி வந்திருந்தார். புது எஞ்சின், தேசிக்காய் நசுக்காமல் எடுக்கமாட்டேன் என்று ஒரே பிடி. படகுக்கு டயர் ஏது? ட்ரெய்லர் டயரில் வைப்போம் என்றால், ட்ரெய்லர் வேறு படகு வேறு என்கிறார். நான்தான் பெரிய அறிவாளியாக, படகுக்கு முன்னால் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், படகு மேலே ஏறிப்போகும் என்றேன். அடியில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும் பம்புக்கு எஞ்சின் பொருத்தியவன் சொன்ன யோசனை அது, மாத்தயாவும் அப்படியே செய்தார்.

நானா கரையில் நின்றுகொண்டார். மாத்தயா ஓட்ட, நானும் அண்ணியும் செம்மஞ்சள் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினோம். அண்ணி மடியில் ஒரு பிளாஸ்கும் அந்தப் பித்தளை டம்ளரும். மகாவலித் தண்ணீர்தான் அங்கே வந்து தேங்குகிறது. அடியில் பழைய தெல்தெனிய ஊர் இருக்கிறது, அணை கட்டியபோது மூழ்கியது. அந்த ஊருக்கு நேர் மேலே போகிறோம் என்று மாத்தயா கையால் காட்டிய சமயத்தில் எஞ்சின் வீரிட்டது. ஆனால் படகு நகரவில்லை. அடியில் எதையோ பிடித்துவிட்டது. மாத்தயா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

நான் காத்திருந்தேன். அண்ணியும் காத்திருந்தார். எஞ்சின் இருமவில்லை. சட்டென்று அடங்கிப் போயிற்று. பனி இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர்ப்பக்கம், கரை தெரியாத பனிக்குள் இருந்து, ஓர் இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று.

மாத்தயா வாய்க்குள் புத்தர் மந்திரமான பிரித் சொல்லத் தொடங்கினார். நான் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அண்ணி மட்டும் பதறவில்லை. பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் பிளேன்டீயை ஊற்றினார். இரண்டு தரம் ஆற்றினார். படகின் விளிம்பில் குனிந்து மெதுவாகத் தண்ணீரில் விட்டார்.

"ஆறிப் போறதுக்குள்ள குடிங்க" என்றார். டம்ளரையும் விட்டுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, நாளைக்கு வெள்ளிக்கிழமதான? எங்க அண்ணன காரியத்துக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லு" என்றார். அதன் பிறகுதான் அழுதார். ஏழு மாதத்து அழுகை.

நான் பம்பின் மேல்மூடியைத் திறந்து தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். கம்பி வலைக்கு உள்ளே சில்லென்று உருண்டையாக ஏதோ பட்டது. தேசிக்காய். பம்புக்குள் போனது சக்கையாகி இருக்க வேண்டும். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் கைக்கு வந்தது. தண்ணீரில் எறிந்தேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது.

கரைக்கு வந்ததும் நானா கேட்டார்: "நடுவுல நிப்பாட்டினீங்களா? ரெண்டு தரம் இருமின சத்தம் இஞ்ச வரைக்கும் கேட்டிச்சே." நடந்ததைச் சொன்னேன். மலையில் பட்டு எதிரொலித்திருக்கும் என்று அவரே முடித்தும் வைத்தார். எதிரொலிக்க முதலில் எங்கள் எஞ்சின் இருமியிருக்க வேண்டுமே என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு அந்த எஞ்சின் இருமவே இல்லை. நான்கு வருடம் ஓடியது, பிறகு படகையே உடைத்து விற்றுவிட்டார்கள். கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. நானா போய்ச் சேர்ந்துவிட்டார். மஹய்யாவ ஏற்றத்தில் அந்த வகை வேன்களையும் காணோம். பாட்டரியில் ஓடும் கார்கள் வந்துவிட்டன, பக்கத்தில் வந்து நின்றாலும் தெரிவதில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கதவைத் தட்டினால்தான் தெரிகிறது.

போன வாரம் அந்தப் பாணை வாங்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்கு மேலே ஏறினேன். மணி ஆறு இருக்கும். சரசு அண்ணி அடுப்படியில் ஏதோ வேலையாக இருந்தார், நெற்றியில் திருநீறு மட்டும். நான் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், தொண்டை கமறி இரண்டு முறை இருமிவிட்டேன். அண்ணி திரும்பிப் பார்க்காமலே, கை தானாக, இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தார்.