மேல்மாடி நோட்டில் ஆறு கால்கள்

என் அம்மாவுக்கு வாயில் வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: முடியாது. மற்றதெல்லாம் சரளமாக வரும், அதிலும் என்னைத் திட்டும்போது தங்குதடையே கிடையாது.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடிப் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ். இன்சார்ஜ் என்றால் அதிகாரம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் முட்டிக்கொள்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு தெரிந்தது. போர்வை எண்ணுவது, சுற்றாத ஃபேனுக்காகக் கடிதம் எழுதுவது, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அலமாரிச் சாவி பிரித்துக் கொடுப்பது என்று, யாருடைய வேலை என்றே தெரியாத வேலையெல்லாம் அம்மாவின் மேசைக்கு வந்து சேரும். "சிஸ்டர், இதையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார் மேட்ரன். அம்மா தலையாட்டுவாள். ஆட்டி ஆட்டியே கழுத்து வலி வந்துவிட்டது.

அப்பா பஸ் டிரைவர். "எத்தனை பேர் கை காட்டினாலும் ஸ்டாப் இல்லாத இடத்துல நான் நிறுத்த மாட்டேன். நீயும் அப்படி இருந்து பழகு" என்று ஒருநாள் வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்தார். "எங்கே, என்கிட்ட முடியாதுன்னு சொல்லு பாப்போம். எனக்கு இன்னொரு டீ வேணும்."

"பால் இருக்கான்னு பாக்கறேன்" என்று அம்மா எழுந்து போனாள். பயிற்சி அதோடு முடிந்தது. அப்பா டீயைக் குடித்துவிட்டார்.

வேண்டாத வேலைகளிலேயே பெரிய வேலை, மேல்மாடி. மூன்றாவது மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே ஆள் குறைந்தால், "ஒரு ஆளை அனுப்புங்க" என்று அம்மாவுக்குப் போன் வரும். சாதாரண வார்டு நர்சுக்கு அங்கே போனால் கையும் ஓடாது, காலும் ஓடாது. மூச்சுவிட வைக்கிற மெஷின் ஒரு பக்கம் கத்தும், சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற மெஷின் இன்னொரு பக்கம் கத்தும். அதனால் போன் மணி அடித்தவுடனே வார்டில் ஒருத்திக்கு முட்டி வலிக்கும், இன்னொருத்திக்குத் தலை சுற்றும்.

இதற்காக அம்மா முறை வைத்தாள். ஒரு நோட்டில் ஐந்து நர்சுகளின் பெயர். முறை முடிந்தால் பெயருக்கு நேராகத் தேதி போட்டு ஒரு டிக். அடுத்த தடவை அடுத்தவள்.

எல்லாரும் முணுமுணுத்தபடியே போய் வந்தார்கள், குட்டி சிஸ்டரைத் தவிர. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குளுக்கோஸ் பாட்டிலை மாட்டவே முக்காலி மேல் ஏறுகிற உயரம். முதல் தடவை முறை வந்தபோது மருந்து அறைக்குள் போய் அழுதிருக்கிறாள். "அக்கா, அந்த மெஷின்ல நான் எதையாவது தப்பா அமுக்கிட்டா அவங்க செத்துடுவாங்கக்கா."

அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பத்து வருஷத்துக்கு முன்பு மேல்மாடியில் வேலை பார்த்தவள் என்பதால், தானே போய்விட்டாள். ஆனால் முறை நகர வேண்டுமே! குட்டி சிஸ்டரின் பெயருக்கு நேராக டிக் போட்டாள். யார் போனார்கள் என்பது வார்டுக்கே தெரியும். அடுத்த முறை தங்கள் தலையில் விழாதவரை யாருக்கும் கவலை இல்லை. அடுத்த சுற்றிலும் அப்படித்தான். அதற்கடுத்த சுற்றிலும்.

அடுத்த வாரம் யார் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று சார்ட் எழுதுவதற்காக அந்த நோட்டு சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும். அம்மா மேல்மாடி போய்த் திரும்புகிற நாளில் கால் வீங்கி, செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும். அந்தந்தத் தேதி டிக்குக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு வீங்கின கால் வரைந்து வைத்தேன், அஞ்சு விரலும் உருளைக்கிழங்கு மாதிரி. "ஆபீஸ் நோட்டுடி இது, கழுதை!" என்று முதுகில் ஒன்று விழுந்தது. ஆனால் அவள் அழிக்கவில்லை.

எட்டு மாதத்தில் குட்டி சிஸ்டர் பெயரில் ஆறு டிக், ஆறு கால். இடையிடையே லீவு போட்டதால் மற்றவர்கள் பெயரில் நாலைந்துதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மேட்ரன் அந்த நோட்டை வாங்கிப் பெயர்களையும் டிக்கையும் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை ஆர்டர் வந்தது. மேல்மாடி அனுபவம் அதிகம் உள்ளவர் என்பதால், திங்கட்கிழமை முதல் காலை ஷிஃப்டில் நான்கு கட்டிலுக்குக் குட்டி சிஸ்டரே பொறுப்பு. நான்கும் மெஷின் கட்டில்.

அம்மா அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். தேய்த்த யூனிஃபார்மையே மறுபடி தேய்த்தாள்.

"அவளை லீவு போடச் சொல்லட்டுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு?"

"நானே போயிடட்டுமா?"

"ஆர்டர்ல அவ பேருல்ல இருக்கு!"

"உண்மையைச் சொன்னா இன்சார்ஜ் போயிடும். பொய் டிக் போட்டேன்னு எழுதிடுவாங்க. ஆனா நான் பொய்யா போடலையே? முறை முடிஞ்சதுக்குத்தானே போட்டேன்? பொய்தானோ?"

அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. உப்புச் சாம்பாரில் வெந்நீர் ஊற்றி மூன்று பேரும் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க குட்டி சிஸ்டர் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். "பயப்படாதே கண்ணு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது அம்மா மேட்ரன் அறைக்குப் போனாள். குட்டி சிஸ்டர் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். மீதியை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

"மேடம், அந்த ஆறு தடவையும் இவ போகல. நான்தான் போனேன்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். "உங்களை யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்."

"அப்போ நீங்க போனதுக்கு என்ன அத்தாட்சி?"

அம்மா திகைத்துப் போய் நோட்டைப் பிரித்து நீட்டினாள். மேட்ரன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இதென்ன, உருளைக்கிழங்கா?"

"என் கால் மேடம். போயிட்டு வந்த அன்னிக்கெல்லாம் என் பொண்ணு கிறுக்கினது."

மேட்ரன் மேசைக்கு அடியில் குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாராம். பிறகு மேல்மாடிக்குப் போன் போட்டு ஆறு தேதியும் படித்தார். ஆறும் சரியாக இருந்தது.

"தப்பா எழுதினதுக்கு மெமோ குடுக்கணும். ஆறு தடவை போனதுக்குத் தேங்க்ஸ் சொல்லணும். எதை முதல்ல செய்யறதுன்னே எனக்குப் புரியல சிஸ்டர்" என்றார். அவருக்குமே குழப்பம்தான். கடைசியில் தீர்ப்பு வந்தது: நான்கு வாரம் அம்மாவே மேல்மாடியில் பொறுப்பு. குட்டி சிஸ்டர் கூடவே நின்று கற்றுக்கொள்ள வேண்டும். மெமோ உண்டு.

"வார்டையும் போன்லயே கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் மேட்ரன்.

அம்மாவின் தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது.

"முடியாது மேடம்."

சொன்னவளே திரும்பிப் பார்த்தாளாம், வேறு யாராவது சொன்னார்களா என்று. வார்டை முட்டிவலி அக்காவிடம் எழுத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார் மேட்ரன்.

மாலையில் அம்மா வீட்டுக்கு வந்து, வெந்நீர்ப் பக்கெட்டுக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மெமோவும் குடுத்தாங்க, நான் முடியாதுன்னதையும் கேட்டுக்கிட்டாங்க. இப்போ நான் ஜெயிச்சேனா தோத்தேனா?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் எழுந்து டீ போடப் போனார். பால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா பையிலிருந்து புது நோட்டை எடுத்தாள். முறை யாருடையது என்பதற்கு ஒரு கட்டம், போனது யார் என்பதற்கு இன்னொரு கட்டம். முதல் வரியில், போனது யார் என்ற கட்டத்தில் அம்மா பெயரும் குட்டி சிஸ்டர் பெயரும் இருந்தன. பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

"இன்னிக்கு ரெண்டு கால் வரைடி. ஒண்ணு சின்னதா."