ஜீரோ என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை

கண் விழித்ததும் வலியைத் தேடினேன். கிடைக்கவில்லை. வலது மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள், கட்டுக்கு அடியிலிருந்து வடிகுழாய் (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் குழாய்) தொங்குகிறது, வலியை மட்டும் காணோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏன் சிரித்தேன் என்று புரிய, பத்து வருடம் பின்னால் போக வேண்டும். மகள் நிலா இதே நியூ ஜெர்சியில் சிசேரியனில் பிறந்தாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம் “ரெண்டு” என்றேன். உயிர் போகிற வலி, ஆனாலும் ரெண்டு. வலிக்கிறது என்று சொன்னாலே “ரொம்ப அலட்டாதே” என்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ரெண்டுக்கு என்ன மருந்தோ அதைத்தான் கொடுத்தார்கள். ஒரு வாரம் பிள்ளையைத் தூக்க முடியவில்லை.

அதனால், மார்பில் கட்டி, பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது), புற்றுநோய் என்று மூன்றே வாரத்தில் எல்லாம் முடிவானபோது, சாவைவிட வலியை நினைத்துத்தான் நடுங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்தார். முழு மயக்கத்தோடு கூடுதலாக நெர்வ் பிளாக் (குறிப்பிட்ட நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி) போடலாம் என்றார். ஸ்கேன் திரையில் பார்த்தபடியே நெஞ்சுத் தசைகளுக்கு நடுவே மருந்தைச் செலுத்துவார்களாம். ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும், சிலருக்கு அரைகுறையாகத்தான் பிடிக்கும் என்றும் சொன்னார்.

“எனக்கு அரைகுறையாத்தான் பிடிக்கும், பாருங்க,” என்று என் கணவர் செந்திலிடம் முனகினேன்.

“வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.”

பிடித்துவிட்டது, முழுசாக. நர்ஸ் வந்து வலி எவ்வளவு என்று கேட்டார். “ஜீரோ” என்றேன். அவர் எழுதப் போனபோது செந்தில் குறுக்கே விழுந்து, இவள் சொல்வதை நம்பாதீர்கள் என்று பழைய கதை முழுவதையும் ஒப்பித்தார். நர்ஸ் முகம் மாறிவிட்டது. வீரியமான வலி மாத்திரை தரட்டுமா, தந்தால் இன்று இங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கோ வீட்டுக்குப் போய் நிலாவைப் பார்க்க வேண்டும்.

“நிஜமாவே வலிக்கலங்க.”

“நீ எப்பவுமே இப்படித்தான் சொல்லுவ.”

“இந்தத் தடவ ப்ராமிஸ்.”

பத்து வருடம் பொய் சொன்னவள் ஒரு நாள் உண்மை சொன்னால் இதுதான் கதி. நர்ஸ் ஒரு கையுறைக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டு எடுத்து வந்தார். மரத்த இடத்தில் குளிரும் தெரியாதாம். என்னைக் கண்ணை மூடச் சொல்லி இடது தோளில் வைத்தார். சில்லென்று தூக்கிப் போட்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

“இப்ப எங்க வச்சிருக்காங்க, சொல்லு,” என்றார் செந்தில்.

“இன்னும் வைக்கவே இல்லையே.”

கண்ணைத் திறந்தால், ஐஸ் என் வலது காறையெலும்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. செந்தில் சிரித்தார், கண்ணெல்லாம் தண்ணீர். சாயங்காலம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டேன்.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். மரப்பு விடுவதற்கு முன்பே சாதாரண வலி மாத்திரைகளை மணி தவறாமல் போடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலியே இல்லை, மாத்திரை எதற்கு என்று பெரிய மனுஷி மாதிரி விட்டுவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு நெஞ்சில் எறும்பு ஊர்ந்தது. பத்தரைக்கு நெருப்பு.

“எவ்ளோ?” என்று சமையலறையிலிருந்து செந்தில் கேட்டார்.

வாய் வரைக்கும் ரெண்டுதான் வந்தது. பக்கத்தில் நிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளும் நாளைக்கு இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாளா?

“ஏழு,” என்றேன். “ஏழுக்கு மேலயே இருக்கும்.”

செந்தில் மாத்திரையோடு ஓடி வந்தார். “இட்ஸ் ஓகேம்மா, யூ கேன் க்ரை,” என்றாள் நிலா. அழுதேன். ஒரு மணி நேரத்தில் மூன்றுக்கு இறங்கியது.

நிணநீர் முடிச்சுகளுக்கு (அக்குளில் இருக்கும் சிறு கணுக்கள்) நோய் பரவவில்லை. நோய் திரும்பாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை, மற்றபடி வேலை, சமையல் எல்லாம் பழையபடிதான். ஆனால் வடுவைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரத்தே கிடந்தது. அறுபட்ட நரம்புகள் அப்படித்தான், சில இடங்களில் உணர்வு திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் குளிக்கும்போது அங்கே விரலால் தட்டிப் பார்ப்பேன். யாரோ ஒருத்தியின் தோலைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, வடுவின் ஓரத்தில் ஊசி குத்தியது போல் சுருக்கென்றது. மறுபடி தட்டினேன், மறுபடி சுருக். துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத்தோடு வெளியே ஓடினேன்.

“என்னங்க, வலிக்குது,” என்று சிரித்துக்கொண்டே கத்தினேன். “இங்க வலிக்குதுங்க.”