தாவீது மேஸ்திரி செய்த கார்

தாவீது மேஸ்திரிக்கு ஒரு கார் மேல் ஆசை வந்தது நாற்பத்தாறாவது வயதில். அந்த வயதில் வருகிற ஆசை எதுவானாலும் ஆளைப் பாடாய்ப் படுத்தாமல் விடாது. குடி, சீட்டு என்று ஏதாவது வந்திருந்தால் அவர் மனைவி மேரி அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாவது தீர்த்திருப்பாள். கார் மேல் மனசு வைத்த புருஷனைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

மேஸ்திரிக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். பதினாறு வயதில் மெட்ராஸுக்கு ஓடிப்போய், மவுண்ட் ரோடில் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் கார்புரேட்டர் கழுவி, காது தீட்டிக்கொண்டு தொழில் கற்றவர். திரும்பி வந்து காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகிற சாலையில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் என்ன வேலை! செத்துப்போன லாரியின் கியர் பாக்ஸைக் கழற்றிச் சாகப்போகிற லாரியில் மாட்டுவது. வேன் ரேடியேட்டரை டாக்சிக்கு வைப்பது. டாக்சி கதவைத் தட்டி நிமிர்த்தி வேனுக்கு வைப்பது. இத்தனை வருஷத்தில் ஒரு வண்டிகூட அது பிறந்த மாதிரி அவர் கையிலிருந்து திரும்பிப் போனதில்லை. இது ஒரு குறையா என்று ஊர் சிரிக்கும். மேஸ்திரிக்கு அது குறைதான். சொல்லிக்கொள்ள முடியாத குறை.

எழுபதாம் வருஷம் கார்த்திகை மாதம் ஆதிகேசவன் ஆள் அனுப்பினார். தாமல் பஞ்சாயத்துக்கு இரண்டு தடவை பிரசிடெண்டாக இருந்தவர். பதவி போன பிறகும் ஊருக்கு அவர் பிரசிடெண்டுதான். பாழடைந்த ஜமீன் பங்களா ஒன்றை வாங்கியிருந்தார். அதன் பின்கட்டுக் கொட்டகையில் வேர்க்கடலைத் தோலை வாரிக் கொட்டியபோது அடியில் ஒரு கார் இருந்தது.

"இது ஓடுமா தாவீது? இல்ல, காயலாங்கடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

மேஸ்திரி காரைச் சுற்றி வந்தார். இரண்டே இருக்கை. நீளமான பானெட், அதன் மேல் தோல்வார். கம்பிச் சக்கரங்கள். எலி, சீட்டின் பஞ்சைப் பிடுங்கிக் குடித்தனம் நடத்தியிருந்தது. கட்டாந்தரையில் கிடந்தும் பாடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. மட்கார்டுகளில் மட்டும்தான் துரு. கர்த்தர் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மூக்கில் ஒட்டியிருந்த தகட்டை வேட்டி முனையால் துடைத்தார். லகோண்டா. மவுண்ட் ரோடு பட்டறையில் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை கண்ணில் பட்ட சீமை வண்டியின் பெயர்.

"ஓடும் ஐயா. ஓட வச்சிக் காட்டுறேன்."

சொன்னபடி ஓட வைத்தார். மார்கழி முழுக்கப் பட்டறையில் மற்ற வேலை படுத்துவிட்டது. லாரிக்காரர்கள் வந்து கத்திவிட்டு வேறு இடம் போனார்கள். எஞ்சின் உயிர் பிடித்த அன்று ஆதிகேசவன் நேரில் வந்து கேட்டு, குழந்தை மாதிரி கை தட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மனிதர் மனதில் இருந்த திட்டத்தையும் அப்போதுதான் சொன்னார்.

"நம்ம அம்சாவுக்கு வைகாசியில கல்யாணம். மாப்ள அழைப்புக்கு இதான் வண்டி. அப்பால மாப்ளைக்கே குடுத்துடப் போறேன். ஆனா ரெண்டு பேர் குந்துற வண்டியை வச்சிக்கினு இன்னா பண்றது? பின்னாடி வெட்டி அகலமா ஒரு சீட்டு வை. முன்னாடி ரெண்டு பக்கமும் அன்னப்பட்சி. இந்த எஞ்சினு நடை வேகத்துல போனா சூடாயிடும்னு நீயே சொன்ன, ஊர்வலத்துக்கு ஆவாது. அம்பாசிடர் எஞ்சினு வச்சிடு."

காசுள்ளவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி மேஸ்திரிக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினார்.

"வேணாங்கய்யா. அன்னப்பட்சி வண்டி நூறு கிடைக்கும். இந்த மாதிரி இன்னொண்ணு இந்த ஜில்லாவுல கிடையாது. வெட்டினா வெட்டுனதுதான், ஒட்ட முடியாது. உங்க கால்ல வேணா வுழறேன்."

ஆதிகேசவன் கெட்டவர் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார். "சரி. பங்குனி பொறக்குறதுக்குள்ள அது பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி என் கண்ணு முன்னாடி நிறுத்து. பார்த்து எனக்கே மனசு வந்தா வுட்டுடுறேன். இல்லன்னா நான் சொன்ன மாதிரி வெட்டு. அப்புறம் வாயைத் தொறக்கக் கூடாது."

ஆக, காருக்கு இரண்டு மாதம் ஆயுள் கெட்டி. அந்த இரண்டு மாதத்தில் எப்படிச் சரிசெய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் யோசனை கேட்டது முனிரத்தினத்திடம். முனிரத்தினம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நிறம் என்றால் அவர் கண்ணுக்கு மேல் ஊரில் கண் கிடையாது. கதவுக் கீல் இடுக்கில் மேஸ்திரி சுரண்டிப் பார்த்ததில் வண்ணத்துக்கு மேல் வண்ணம் ஏழு பூச்சு இருந்தது. மேலே சிவப்பு, அதற்கடியில் கறுப்பு, இப்படியே போய், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சை. அந்தப் பச்சைச் சில்லை வெயிலில் பிடித்துப் பார்த்தார் முனிரத்தினம்.

"பாசிப்பச்சை. அதுல ரெண்டு சொட்டு கறுப்பு. நான் கலந்து காட்டுறேன், நீ பெயிண்டுக் கடையில குடு" என்றவர், சும்மா இராமல் இன்னொன்றும் சொன்னார். "ஆனா எதுக்கு மேஸ்திரி எல்லாத்தையும் சுரண்டிக்கினு? மேல மெழுகு போட்டுத் தேய்ச்சு அப்படியே நிறுத்து. வயசான வண்டி வயசான மாதிரி இருந்தா இன்னா?"

நல்ல யோசனைதான். ஆனால் பிரசிடெண்டுக்கு மனசு வர வேண்டுமே! வெடித்து உதிர்ந்த சிவப்பைப் பார்த்து எந்தப் பெண்ணைப் பெற்றவருக்கு மனசு வரும்? உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்க்கலாமென்றால் ஏழு பூச்சுக்கும் ஆறு மாதம் ஆகும். கடைசியில் மேஸ்திரி தானே ஒரு முடிவுக்கு வந்தார். காஸ்டிக் சோடாவைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து ஊறப்போட்டால் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். லாரி பம்பர்களுக்கு அவர் செய்து பார்த்த வழிதான். கொப்பரையில் ஏறிய சாயக்கறையைத் தேய்க்க முனிரத்தினத்திடம் காஸ்டிக் சோடா மூட்டையாகவே இருந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கக் கொப்பரை இருந்தது. ஊறப்போட நூல் அலசுகிற பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது.

ஆனால் தொட்டி சும்மா இருப்பது மாதத்தில் ஒரு நாள்தான். அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது, சாயக்கொப்பரையும் ஏறாது. அன்றைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார் முனிரத்தினம்.

தை அமாவாசைக்கு நான்கு மட்கார்டுகளையும் போட்டார். மத்தியானத்துக்குள் பெயிண்ட் கழன்றது; துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் தகரம் பளிச்சென்று வந்தது. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. மட்கார்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோய் மேரிக்குக் காட்டினார். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது மட்கார்டைக் காட்டினால் எந்தப் பெண்பிள்ளைதான் மகிழ்வாள்?

அடுத்த ஒரு மாதமும் பாடியைப் பிரித்தார். உள்ளே மரச்சட்டம், அதன் மேல் ஆணியடித்த தகடு. சட்டம் கறையான் தின்றிருந்தது; ஆசாரியிடம் கொடுத்து அளவு பிசகாமல் புதிதாகச் செய்யச் சொன்னார். குட்டிக் குட்டி ஆணிகளை வளையாமல் பிடுங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்தார். கழற்றிய தகடுகளை ஒவ்வொன்றாக ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். என்ன கனம் குறைவு! இவ்வளவு மெல்லிசாகத் தகரத்தை அடித்தவன் கை எப்படிப்பட்ட கை என்று வியந்து வியந்து போனார். வியந்த மனுஷன், அது தகரம்தானா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவர் ஆயுசில் தொட்ட வண்டியெல்லாம் இரும்புத் தகர வண்டி. வேறு ஒன்றில் கார் செய்வார்கள் என்பது அவர் புத்தியிலேயே இல்லை.

மாசி அமாவாசை காலையில் பானெட்டின் இரண்டு பக்கம், இரண்டு கதவுகள், பின்பக்கத் தகடு எல்லாவற்றையும் தொட்டியில் இறக்கினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்கே சாயக்காரர்கள் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் கத்தியிருப்பார்கள். அன்று தெருவே குளித்து, விரதம் இருந்து, கோயிலுக்குப் போயிருந்தது. பெயிண்ட் சுருங்க ஆரம்பித்ததைப் பார்த்துத் திருப்தியாகி, தொட்டி மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கியர் பாக்ஸ் வேலையைப் பார்க்கப் பட்டறைக்குப் போனார் மேஸ்திரி. மட்கார்டுக்கு எத்தனை மணி நேரமோ, அத்தனை மணி நேரம் கணக்கு வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்தபோது முனிரத்தினம் சட்டை போடாமல் தொட்டியருகே நின்றிருந்தார். தொட்டியிலிருந்து கறுப்பு நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது. நெடி மூக்கைப் பிடுங்கியது. சாக்கு நுரையில் மிதந்துகொண்டிருந்தது.

"அய்யய்யோ, ஏமய்யா இதி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முனிரத்தினம். "மேஸ்திரி, இது அலுமினியம்பா! காஸ்டிக்ல அலுமினியத்தைப் போடுவாங்களா? நாங்க அலுமினியக் குவளையைக்கூட இந்தப் பக்கம் கொண்டார மாட்டோமே!"

மேஸ்திரி கொக்கியைப் போட்டு இழுத்தார். கதவு பாதிதான் வந்தது. அதையும் கையில் எடுத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. பானெட்டில் விரல் நுழைகிற ஓட்டைகள். பின்பக்கத் தகடு இருந்த இடத்தில் ஓரம் மட்டும் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் ஊற்றி அலசித் தரையில் பரப்பினார். அலச அலச இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. கையெல்லாம் வெந்து சிவந்துவிட்டது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. முனிரத்தினம் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கிணற்றடியில் உட்கார்த்தித் தண்ணீர் ஊற்றினார். மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"அலுமினியக் குண்டான்ல சோடாவைப் போட்டா குண்டான் கறுத்துப்பூடும்னு எனக்கே தெரியுமே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மேரி, கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே. கேட்டிருந்தாலும் அலுமினியம் என்று தெரிந்தால்தானே! அவள்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மறுநாள் தாமலுக்குப் போய் ஆதிகேசவன் முன்னால் நின்றார். அடிப்பார், வைவார், வேறு ஆளைப் பார்ப்பார் என்று தயாராகத்தான் போயிருந்தார். ஆதிகேசவன் சிரித்துவிட்டார்.

"தகடு போனா போவுது, வுடுப்பா. நல்ல தகரமா வாங்கி அடிச்சுக்கலாம். கையைப் பாரு, இப்படியா சுட்டுக்குவ? காப்பி குடி. இனிமே பேச்சில்ல, நான் சொன்ன மாதிரி பண்ணிடலாம், இன்னா?"

ரொம்பவும் பிரியமாகச் சொன்னார். திட்டியிருந்தால் மேஸ்திரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரிங்கய்யா" என்று காப்பியைக் குடித்தார்.

சேசிஸை இழுத்து நீட்டியதும் அவர்தான். ஆசாரி செய்துவந்த சட்டத்தை அறுத்ததும் அவர்தான். அம்பாசிடர் எஞ்சின் வைத்து, தகரம் அடித்து, அகலமான பின்சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் போட்டு, அன்னப்பட்சிகளுக்குக் கண் வரைய ஆள் கூட்டி வந்ததும் அவர்தான். வேறு யாரிடமாவது விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று எத்தனையோ நாள் தோன்றியது. கெடுத்தவன் நான், வேறொருவனை வெட்டச் சொல்வது எந்த நியாயம் என்று இருந்துவிட்டார். பழைய வண்டியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிஞ்சியதென்று பார்த்தால் ரேடியேட்டர் மூடி, டேஷ்போர்டு, அந்தப் பெயர்த்தகடு.

வைகாசியில் மாப்பிள்ளை அழைப்பு. வண்டியை ஓட்ட மேஸ்திரியே வர வேண்டும் என்று பிரசிடெண்டு சொல்லிவிட்டார். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாயனமும் தவிலும் முன்னால் போக, ஊர் கூடி நின்று பார்க்க, கார் நடை வேகத்தில் காஞ்சிபுரம் ராஜ வீதியில் திரும்பியது. "எங்க தாவீது கைவேலை, முழுக்க முழுக்க!" என்று ஆதிகேசவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு கூடவே நடந்தார். முகம் கொள்ளாத சந்தோஷம் அவருக்கு.

மாப்பிள்ளை பரமசிவம் மெட்ராஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினீயர். மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச தூரம் போனதும் முன்னால் சாய்ந்து டேஷ்போர்டையே பார்த்தார். பிறகு மேஸ்திரியின் காதருகே குனிந்தார்.

"மேஸ்திரி, இது லகோண்டாதானே?"

மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"எனக்குச் சின்ன வயசிலிருந்து இந்த வண்டி மேல பைத்தியம். போட்டோவில்தான் பார்த்திருக்கேன். மாமா ஆசைப்பட்டு இப்படிப் பண்ணியிருக்கார், பரவாயில்லை. கல்யாணம் முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து இதைப் பழையபடி ஆக்கிடலாம். எஞ்சின் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க மாப்ள. பட்டறையில துணி சுத்தி வச்சிருக்கிறேன்."

"அப்ப கவலையே இல்லை. மத்ததெல்லாம் எப்படியாவது பண்ணிடலாம். அந்தப் பழைய பாடி மட்டும் வேணும். அதை எங்கே வச்சிருக்கீங்க?"

தவில் உச்சத்தில் இருந்தது. மேஸ்திரி அந்தச் சத்தம் குறையட்டும் என்று காத்திருந்தார். குறைந்தது.

"அது இல்லீங்க மாப்ள. என் கையாலயே கரைச்சுட்டேன்."

மாப்பிள்ளை மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஆதிகேசவன் பக்கத்தில் வந்து, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போ, ஜனம் நல்லா பார்க்கட்டும் என்றார். மண்டபம் வர இன்னும் இரண்டு தெரு இருந்தது.