என் மனைவியின் வலியை நானே சொன்னேன்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி, காலண்டர் அச்சகம், மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாண மண்டபம், எல்லாம் யார் தயவும் இல்லாமல் நான் எழுப்பியவை. ஆரம்பத்தில் நானும் என் மனைவி செல்வமணியும்தான் கம்பெனிக்கே தொழிலாளிகள். வெடிக்கட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே அவள் நாள் முழுக்கப் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதெல்லாம் ஒரு காலம்.

பிறகு அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. துடித்துப்போவாள். எந்த டாக்டர் என்ன கேட்டாலும் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். “அந்தக் காலத்துல கந்தக நெடியில கெடந்த உடம்புங்க, அதான்.” ஒருமுறை வயிற்றைத் திறந்தும் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

போன பங்குனியில் மதுரையில் மறுபடியும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அங்கேயும் நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல, ஒரு பெண் டாக்டர் என்னை நிறுத்தினார்.

“ஐயா, வலி உங்களுக்கா, அவங்களுக்கா? அம்மா, நீங்க சொல்லுங்க.”

செல்வமணி மெதுவாக ஆரம்பித்தாள். “அம்மன் கோயில் பொங்கலுக்கு விரதம் இருந்தாலும் வருது, சஷ்டிக்கு இருந்தாலும் வருது தாயி. அப்பல்லாம் ஒண்ணுக்கு செவப்பாப் போகுது.”

“ஏட்டி, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க எங்க பேச விட்டீக?”

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவள்தான் பேசினாள். பரிசோதித்தார்கள். போர்பிரியா என்ற அபூர்வ நோயாம், பட்டினி கிடந்தால் கிளம்புமாம். ஆபரேஷன் நின்றது. விரதத்தை அவள் விட்டுவிட்டாள். டாக்டர் அறையில் நான் இப்போது வாய் திறப்பதில்லை.

அந்த டாக்டர் இதை மற்ற டாக்டர்களுக்கும் எடுத்துச் சொல்லப்போகிறாராம். நல்லது. ஆனால் அன்றைக்கு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவன் நான். என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.