நேற்றைய சட்டை

உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் அந்த மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. விருந்துக்குப் போனாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். "அங்கே என்ன எழுதி ஒட்டியா வச்சிருக்கு?" என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

சேர்ந்தபோது செய்தி வாசிக்கத்தான் ஆசைப்பட்டார். பழைய வானிலைக்காரர் கோபித்துக்கொண்டு போன ஒரு நாள், "இன்னைக்கு மட்டும் நில்லுங்க" என்று இவரைப் பச்சைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்த "இன்னைக்கு" இன்னும் முடியவில்லை. சுவரில் ஒன்றும் இருக்காது. வரைபடம் பக்கத்துத் திரையில் தெரியும். அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வெறும் சுவரைத் தடவ வேண்டும். முதல் வாரம் ஊர்களையெல்லாம் கடலுக்குள் காட்டினார். போகப் போகக் கை பழகிவிட்டது. மனசுதான் பழகவில்லை.

ஊர் அவரை நம்பாததுதான் காரணம். கணிப்பு வானிலை மையத்தில் இருந்து வரும். திட்டு மட்டும் நேரே இவருக்கு வரும். மழை என்று அவர் சொன்னால் எதிர்வீட்டுக்காரி வேண்டுமென்றே துணி காயப்போடுவாள். "நீங்க சொன்னீங்கல்ல, அந்தத் தைரியம்தான்" என்பாள். சிரித்து மழுப்புவார், உள்ளே கொதிக்கும். ஒரே ஒரு ஆளாவது தன் பேச்சைக் கேட்டு நடக்க மாட்டாரா என்று வருஷக்கணக்கில் ஏங்கினார்.

அவரைத் தூக்கி வளர்த்த அக்காகூட அப்படித்தான் என்று நினைத்திருந்தார். கணவர் போனபின் அவள் வாய்க்கால் ஓரத்துத் தாழ்வான வீட்டில் தனியாக இருந்தாள். மழைக்காலத்தில் இவர் போன் செய்தால், "அதான் டிவியில சொல்லுவியே, பார்த்துக்கறேன்" என்று வைத்துவிடுவாள்.

அன்றைக்குக் கனமழை எச்சரிக்கை. மதியமே பதிவு முடிந்தது. தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் வெளியேறச் சொல்லி அழுத்தமாகவே பேசியிருந்தார். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. நிலையத்துக் கூடத்தில் நின்று செய்தி பார்த்தவர் திரையை நெருங்கிப் போனார். திரையில் நின்றவர் கட்டம்போட்ட நீலச் சட்டை போட்டிருந்தார். இவர் உடம்பில் இருந்ததோ வெள்ளை. நேற்றைய பதிவு. "மழைக்கு வாய்ப்பில்லை" என்று நீலச்சட்டைக்காரர் சிரித்தார்.

பதிவுகளைப் போடுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திப் போட்டுட்டேன் சார். கீழே எழுத்துல திருத்தம் ஓட விடறேன்."

"எங்கக்கா வானிலை முடிஞ்சதும் டிவியை அணைச்சிடுவாங்கய்யா."

போன் செய்தார். வேறு அழைப்பில் இருந்தது. மறுபடியும் அதே. பொறுக்க முடியாமல் நனைந்தபடியே ஸ்கூட்டரை முறுக்கினார்.

வாய்க்கால் தளும்பி அக்காவின் முதல் படியைத் தொட்டிருந்தது. அவள் நடுவீட்டில் நின்று சாவகாசமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதோ, உன் வீட்டுக்காரனே வந்துட்டான். அப்புறம் பேசறேன்மா" என்று வைத்தாள். "ஏண்டா, நேத்துப் போட்ட சட்டையையே இன்னைக்கும் போட்டிருந்தியே. ராத்திரி வீட்டுக்குப் போகலையோ, ரெண்டு பேருக்கும் சண்டையோன்னு எனக்குப் பதறிப்போச்சு."

"அது நேத்து எடுத்ததுக்கா. வெளியே கொட்டுதே, காதுல விழலையா?"

"விழுது. நின்னுடும்னு இருந்தேன்."

"படிக்குத் தண்ணி வந்திருச்சு."

"பார்த்தேன். நீதானே வராதுன்னு சொன்னே."

அவர் இத்தனை காலம் ஏங்கிய அந்த ஒரு ஆள் எதிரே நிற்கிறாள். மகிழ்ச்சிக்குப் பதில் பயம்தான் வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கண்ணில் கண்ட தண்ணீரை விட்டுவிட்டு, பச்சைச் சுவரைத் தடவுகிறவனை நம்பியிருக்கிறாளே.

"இனிமே நான் என்ன சொன்னாலும் முதல்ல ஜன்னலைத் திறந்து பாருக்கா" என்றார். அவள் துணிகளை ஒரு பையில் திணித்தார்.

பையை அவர் எடுத்துக்கொண்டார். வாசல் கதவைப் பூட்டும்போது மழை சற்று விட்டிருந்தது. அக்கா கேட்டாள்: "நாளைக்கு எப்படிடா இருக்கும்?"

கனமழை தொடரும் என்று மையத்தில் இருந்து வந்த வாசகம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"எனக்குத் தெரியாதுக்கா."

அக்கா அதையும் அப்படியே நம்பினாள். பூட்டைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.